பூச்சட்டியில் பதினேழாம் இலக்கம்

ஆகஸ்ட் 29, 2000. செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் இல்லை. பத்மா அக்கா வாளிகளை வரிசையாக வைத்துவிட்டு, அத்தான் போய் நகரசபைக் கந்தோரில் முறையிடவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. நகரசபை ஆட்களாக்கும் என்று ஓடிப்போய்த் திறந்தேன். கட்சிக்காரர்கள். மூன்று பேர், வெள்ளை உடுப்பு, கையில் கேக் பெட்டி.

பாராளுமன்றத் தேர்தலுக்குக் கொழும்பு மாவட்ட வேட்பாளர் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் வேண்டுமாம். எங்கள் நாகேந்திரம் அத்தானைக் கேட்கிறார்கள்.

அத்தான் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். மாத்தறையில் வேலை செய்த காலத்தில் படித்த சிங்களத்துக்குப் பிறவிச் சிங்களவரே தோற்றுப்போவார்கள். சமாதான நீதவான், ஜே.பி. என்பதால் இந்த வெள்ளவத்தை ஒழுங்கையில் யாரையாவது சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனால் முதலில் இவரிடம்தான் ஓடி வருவார்கள். இவரும் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு பொலிசுக்குப் போய், அவர்களோடு பிளேன்ரீ குடித்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றார் அத்தான். ஆனால் முகத்தில் யோசனை எதுவும் இல்லை. ஒரே பிரகாசம்.

அக்கா கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தா. தனக்கு எடுக்கவில்லை.

செப்டெம்பர் 8, வெள்ளி

அத்தானின் விருப்பு இலக்கம் பதினேழு. சனம் முதலில் கட்சிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டு, பிறகு தங்களுக்குப் பிடித்த ஆட்களின் இலக்கத்துக்கும் போடவேண்டும். ஆகவே அத்தானுக்கு எதிரி மற்றக் கட்சி இல்லை. சொந்தக் கட்சியின் மிச்ச இலக்கங்கள்தான்.

எனக்குத்தான் சங்கடம். நான் வேலை செய்யும் விளம்பரக் கந்தோருக்கு மற்றக் கட்சிதான் வாடிக்கையாளர். அவர்களுடைய தமிழ் விளம்பரம் முழுவதும் எழுதுவது நான். பகலில் அவர்களுக்கு, வீட்டுக்கு வந்து அத்தானுக்கு. ஒரே பேனையால் இரண்டு பேரை வெல்ல வைப்பது எப்படி?

செப்டெம்பர் 10, ஞாயிறு

தம்பி சிவபாலன் ரொறன்ரோவில் இருந்து வந்துவிட்டான். லீவுக்கு வந்தவன், தேர்தல் என்று கேட்டதும் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. அங்கே இரண்டு தேர்தலில் தொண்டு வேலை செய்தவனாம்.

"அத்தான், நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. நான் செய்து காட்டுறன்."

"என்ன செய்வாய்?"

"லோன் சைன்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். விளக்கினான். அங்கே யாரும் சுவரில் சுவரொட்டி ஒட்டுவதில்லையாம். வேட்பாளருடைய ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கேட்பார்களாம். வீட்டுக்காரர் ஓம் என்றால் முற்றத்துப் புல்லில் சின்னப் பலகை ஒன்றை நட்டுவிட்டு, தாங்க்யூ சொல்லிவிட்டு வருவார்களாம். வாக்கு எப்படி விழப்போகிறதென்று தெருவைப் பார்த்தே சொல்லலாமாம்.

"புல்லுக்கு எங்கையடா போறது?" என்றா அக்கா. நியாயமான கேள்வி. எங்கள் ஒழுங்கையில் காலி வீதி தொடக்கம் கடற்கரை வரை தேடினாலும் ஒரு மாடு மேயப் புல் கிடையாது.

செப்டெம்பர் 12, செவ்வாய்

கந்தோரில் சிங்களத்தில் இருந்து ஒரு சுலோகம் தந்தார்கள். 'விடியல் உங்கள் கதவைத் தட்டும்.' அதை அப்படியே தமிழில் பெரிய எழுத்தில் வெள்ளவத்தை முழுவதும் போடவேண்டுமாம்.

முகாமையாளர் ராசிக்கிடம் போனேன். "சேர், இதைப் போடேலாது."

"ஏன்? நல்ல கவிதை மாதிரி இருக்கே."

"வெள்ளவத்தையில விடியக் கதவைத் தட்டுறது ஆர் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

பொலிஸ் சோதனை என்று அவருக்கு விளங்கிவிட்டது. பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். சுலோகம் போய்விட்டது. வேறொன்று எழுதிக் கொடுத்தேன்.

ராசிக் லண்டனில் விளம்பரம் படித்தவர். அங்கே எந்தக் கட்சியும் காசு கொடுத்து ரீவியில் நேரம் வாங்கவே ஏலாதாம். கட்சிக்கு இவ்வளவு நிமிடம் என்று சும்மா கொடுப்பார்களாம். அந்த நேரத்தில் நாடு முழுவதும் எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்குமாம். "அங்க பிறந்திருந்தால் நானும் நீயும் சவர்க்காரம்தான் வித்துக்கொண்டிருப்பம்" என்றார்.

செப்டெம்பர் 15, வெள்ளி

கொட்டாஞ்சேனையில் ஹியூபேட்டின் அச்சகத்துக்குப் போனோம். ஹியூபேட் மெட்ராஸில் தொழில் பழகிய மனிதர். பலகைகளின் மாதிரியைக் கையில் எடுத்து, பிடவைக் கடையில் துணியைத் தடவுவதுபோலத் தடவிப் பார்த்தார்.

"இது என்ன, வீடு வாடகைக்கு எண்டு போடுற போர்டா?"

மெட்ராஸில் ஆளை விட ஆளின் படம் பத்து மடங்கு பெரிதாக இருக்கவேண்டுமாம், இல்லாவிட்டால் சனம் மதிக்காதாம். மூன்று மாடி உயரத்தில் கட்அவுட். கை கூப்பியபடி. அதற்கு ஒரு மாலை.

அத்தான் "சீச்சீ, அதெல்லாம் எங்களுக்கு என்னத்துக்கு" என்றார். சொல்லிவிட்டு, வெளிக்கிடும்போது மெல்லக் கேட்டார்: "ஒரு மாடி உயரத்திலை செய்தால் எப்பிடியிருக்கும் ஹியூபேட்?"

பலகைக்கு நான் எழுதியது: 'நாகேந்திரம் – கூப்பிட்டால் வருவார். இலக்கம் 17.' அதோடு நிறுத்தியிருக்கலாம். சிவபாலன் விடவில்லை. கனடாவில் ஒவ்வொரு விளம்பரத்திலும் அதற்கு அனுமதி கொடுத்த முகவரின் பெயர் இருக்கவேண்டுமாம், அது சட்டமாம், நேர்மையாம். அவனுக்கு இங்கே வாக்கில்லை, அக்கா மாட்டேன் என்றுவிட்டா. ஆகவே கீழே சின்ன எழுத்தில் என் பெயர்: 'முகவரின் அனுமதியுடன்: செல்வி சிவமணி', வீட்டு இலக்கம், ஒழுங்கை.

"கந்தோரில பாத்தால்?" என்றேன்.

"சின்ன எழுத்துத்தானே சின்னக்கா. ஆர் வாசிக்கப் போகினம்?"

செப்டெம்பர் 17, ஞாயிறு

இன்று வீடு வீடாகப் போனோம், சிவபாலனும் நானும்.

முதலில் முத்துலிங்கம் மாஸ்டர் வீடு. அவருடைய மகனைப் போன வருடம் பிடித்துக்கொண்டு போனபோது, அத்தான் மூன்று தரம் அலைந்து எடுத்துக் கொடுத்தவர். அந்த வீட்டுக்கு நாங்கள் என்றால் உயிர். சர்பத் வந்தது, வடை வந்தது. சிவபாலன் பலகையைக் காட்டினான். மாஸ்டரின் முகம் அப்படியே நின்றுவிட்டது.

"வாக்கு நாகேந்திரத்துக்குத்தான். அதை நீர் கேக்கவே தேவையில்லை."

"அப்ப இதையும் வாசல்ல வைப்பமே அங்கிள்?"

"தம்பி, எண்பத்திமூண்டுக் கலவரத்தில எங்கட வீட்டை எரிக்க வந்த ஆக்கள் எப்பிடிக் கண்டு பிடிச்சவை தெரியுமே? கையில வாக்காளர் இடாப்பு. அதில பேரைப் பாத்துப் பாத்து வந்தவை. இப்ப நானே ஒரு தமிழ்ப் பேரை எழுதி வாசல்ல நட்டு வைக்கட்டோ?"

சிவபாலன் அப்போது பால்பல் விழுந்த பிள்ளை. பிறகு கனடா.  பலகையை முழங்காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். வடை நல்லாயிருக்கு என்றான்.

அதற்குப் பிறகு போன தமிழ் வீடுகளிலும் அதே அன்பு, அதே சர்பத், அதே 'வேண்டாம்'. கடைசியில் வயிறு ஊதிப்போய் வீட்டுக்கு வந்தோம்.

செப்டெம்பர் 18, திங்கள்

சிவபாலன் பலகைகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டான்.

செப்டெம்பர் 21, வியாழன்

கட்சி அனுப்பிய சுவரொட்டிக்காரன் சிறில் வந்தான். வாளி, பசை, ஏணி, வாய் நிறைய வெற்றிலை. வேலை மும்முரமாகத்தான் நடந்தது. காலையில் அத்தானின் முகத்தை ஒட்டினான். மத்தியானம் அதே சுவரில் நாலாம் இலக்கக்காரனை ஒட்டினான், அத்தானுக்கு மேலேயே. நான் கையும் மெய்யுமாகப் பிடித்தேன்.

"நோனா, அவரும் நம்ம கட்சிதானே" என்றான் சிங்களத்தில், மனம் நொந்துபோனவன் மாதிரி.

சுவரில் ஒட்டுவது சட்டப்படி குற்றம் என்று சிவபாலன் எங்கேயோ வாசித்துவிட்டு வந்து சொன்னான். சிறிலுக்கு அது பெரிய புதினம். இருபது வருடமாக ஒட்டுகிறானாம், ஒருவரும் சொல்லவில்லையாம்.

செப்டெம்பர் 23, சனி

கட்அவுட் வந்தது. இடுப்பு வரைக்கும்தான். கால்கள் லொறியில் பின்னால் வந்தபோது சோதனைச் சாவடியில் இறக்கிப் பார்த்தார்களாம், மழையில் ஊறிப் பிய்ந்துவிட்டதாம். முன்னறைதான் இப்போது தேர்தல் அலுவலகம். அந்த அறைப் பல்கனியில் அரை அத்தான் கை கூப்பிக்கொண்டு நிற்கிறார். தூரத்தில் இருந்து பார்த்தால் கிணற்றுக்குள் நிற்கிறவர் யாரையோ உதவிக்குக் கூப்பிடுவதுபோல இருக்கிறது.

அத்தானுக்குப் பெரிய சந்தோஷம். கடைக்குப் போகிற சாட்டில் இன்றைக்கு நாலு தரம் ரோட்டுக்கு இறங்கி அண்ணாந்து பார்த்தார்.

செப்டெம்பர் 24, ஞாயிறு

சிவபாலனுக்கு உயிர் வந்துவிட்டது. தமிழ் வீடுகள் வேண்டாம் என்றால் மற்ற வீடுகள்! அடுத்த ஒழுங்கையில் ஒரு பறங்கி நோனா, மருந்துக்கடை முதலாளி, பேக்கரிக்காரர். சிங்களவர், முஸ்லிம்கள், எல்லோருக்கும் அத்தானைத் தெரியும். சந்தோஷமாக ஓம் என்றார்கள். புல் இல்லாத குறையையும் தீர்த்துவிட்டான். வாசலில் இருக்கும் குரோட்டன் சட்டிகளில் நட்டுவிட்டான். பின்னேரம் பார்க்க நல்ல வடிவாகத்தான் இருந்தது. பூச்சட்டியெல்லாம் பதினேழு பூத்திருந்தது.

செப்டெம்பர் 25, திங்கள்

சிவபாலனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

 காலமை பேக்கரியடியில மிச்சப் போர்டுகளோட நிண்டவனாம். ஜீப் வந்ததாம். தமிழ்ப் பெடியன், கையில கூராச் சீவின தடிக் கட்டு, எல்லாத்திலும் ஒரே இலக்கம். பாஸ்போட் வீட்டில. கடவுளே, பாஸ்போட்டை ஏன் வீட்டில வைச்சிட்டுப் போனவன்? அத்தானைக் காணேல்லை, கூட்டத்துக்குப் போயிட்டார். அக்கா சாமியறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கொண்டிட்டா. நான் என்ன செய்ய?

(பின்னேரம்)

எழுதி முடிக்கிறேன். அத்தான் வந்ததும் வராததுமாக அதே வெள்ளைச் சேட்டோடு பொலிசுக்குப் போனோம். பொறுப்பதிகாரிக்கு அவரை நல்ல பழக்கம்.

"வாங்கோ நாகேந்திரம் மாத்தயா. இன்றைக்கு யாருடைய பிள்ளை?"

"இன்றைக்கு என்னுடைய பிள்ளைதான்" என்றார் அத்தான். குரல் கொஞ்சம் தடுமாறியது. இந்தப் பொலிசில் அவர் குரல் தடுமாறி நான் கண்டதில்லை.

சிவபாலன் சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தான். அவனை ஒன்றும் செய்யவில்லை, தேத்தண்ணி கொடுத்திருந்தார்கள். பயத்தில் ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அது நல்லதாகப் போய்விட்டது. சந்தேகத்துக்குப் பிடித்தது என்ற கதை பாஸ்போட்டைக் காட்டியதும் முடிந்தது. ஆனால் தேர்தல் குற்றம் முடியவில்லை.

அதிகாரி சட்டப் புத்தகத்தை எடுத்து வாசித்தார். வேட்புமனு கொடுத்த பிறகு, தனியார் வீடாக இருந்தாலும் வாசலில் விளம்பரம் வைக்கக்கூடாது. வேட்பாளரின் அலுவலகத்தில் வைக்கலாம்.

"அப்ப எங்கட கட்அவுட்?" என்று கேட்டேன்.

"அது சட்டப்படி சரி."

அரை மாடி உயரமான அரை மனிதன் சரி. பூச்சட்டியில் முழங்கை அளவு பலகை குற்றம்.

சிவபாலனுக்குத் தாங்கவில்லை. "சேர், நான் வீட்டுக்காரரிட்டைக் கேட்டுத்தான் வைச்சனான். உங்கட பொலிஸ் மதிலைப் பாருங்கோ! இடமில்லாமல் ஒட்டியிருக்கினம். அவையை ஏன் பிடிக்கேல்லை?" அத்தான் அதைச் சிங்களத்தில் கொஞ்சம் மெருகு பூசிச் சொன்னார்.

அதிகாரி பொறுமையாக விளக்கினார். "மதிலில் ஒட்டினவன் யாரென்று எங்களுக்குத் தெரியாது. உங்கள் பலகையில் பெயர் இருக்கு, விலாசம் இருக்கு, அனுமதி கொடுத்தது யாரென்றும் எழுதியிருக்கு. தெரிந்த ஆளை விட்டுவிட்டுத் தெரியாத ஆளைத் தேடச் சொல்கிறீர்களா?" பிறகு பலகையை அத்தானின் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துச் சின்ன எழுத்தை வாசிப்பித்தார். "சிவமணி யார்?"

"நான்தான் சேர்."

"மிச்சம் நல்லது. நாங்கள் தேடி வரவேண்டிய வேலை இல்லை."

நாங்கள் போகும்போது அதிகாரி உண்மையிலேயே அறிய ஆசைப்பட்டு சிவபாலனிடம் கேட்டார்: "கனடாவில் இதை வைத்தால் மற்றக் கட்சிக்காரன் பிடுங்கமாட்டானா?"

"இல்லை சேர். பக்கத்து வீட்டில அவையின்ரை போர்ட் நிக்கும்."

"அடிபட மாட்டார்களா?"

"இல்லை."

அதிகாரி பலகையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப யார் பலசாலி என்று சனத்துக்கு எப்படித் தெரியும்?"

செப்டெம்பர் 27, புதன்

புதுக்கடை நீதிமன்றம். குற்றத்தை ஒப்புக்கொண்டோம். தண்டப்பணத்தோடு விட்டார்கள். நீதவான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தபோது வெளியே ஒலிபெருக்கியில் நாலாம் இலக்கக்காரன் கத்திக்கொண்டு போனான். நீதவான் கொஞ்சம் நிறுத்தி, சத்தம் போகும்வரை காத்திருந்து, மிச்சத் தீர்ப்பைச் சொன்னார்.

செப்டெம்பர் 28, வியாழன்

வழக்குச் செய்தி ஒரு சிங்களப் பத்திரிகையில் படத்தோடு வந்துவிட்டது. படத்தில் இருப்பது பூச்சட்டி. சின்ன எழுத்து நன்றாகத் தெரிகிறது.

ராசிக் கூப்பிட்டார். பத்திரிகை மேசையில் விரித்துக் கிடந்தது. வேலை போய்விட்டதென்று நினைத்துக்கொண்டு போனேன்.

"'கூப்பிட்டால் வருவார்.' இது நீ எழுதினதா?"

"ஓம் சேர்."

"எங்கட ஆக்களுக்கு நீ எழுதினதில ஒண்டாவது இப்பிடி இருக்கா?"

 அவருக்குக் கோபம் நான் எதிர்ப் பக்கத்துக்கு எழுதியதில் இல்லை, நன்றாக எழுதியதில்தான்.

"சேர், அத்தானை எனக்குத் தெரியும். கூப்பிட்டால் உண்மையாவே வருவார். உங்கட ஆக்களை நான் காணேல்லையே."

தேர்தல் முடியும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார். பிறகு பார்ப்போமாம்.

செப்டெம்பர் 30, சனி

பத்திரிகையால் அத்தான் பெரிய ஆளாகிவிட்டார். மீன் சந்தையில் சிங்கள வியாபாரிகள் 'பூச்சட்டி மாத்தயா' என்று கூப்பிடுகிறார்கள். பதினேழை யாரும் மறக்கமாட்டார்கள் போலிருக்கிறது. கட்சி இனி இவரைப் பாதுகாக்க வேண்டும் என்று துவக்கோடு இரண்டு காவலர்களை அனுப்பியிருக்கிறது. வெளியூரில் ஏதோ கூட்டத்தில் குண்டு வெடித்ததாகவும் கதை.

அக்கா காவலர்களுக்குப் புட்டும் மீன் குழம்பும் போட்டா. அவர்களில் மூத்தவனிடம் தெரிந்த சிங்களத்தில் விசாரித்தா.

"முந்தி ஆரோட இருந்தனீர்?"

"ஒரு எம்.பி. மாத்தயாவோடு. நல்ல மனிதர்."

"இப்ப எங்கை அவர்?"

"பொரளையில்."

"பொரளையில வீடோ?"

"இல்லை அம்மா. கனத்தையில்."

அக்கா குழம்புச் சட்டியோடு அப்படியே நின்றா. பொரளைக் கனத்தை மயானத்தைத் தெரியாத கொழும்பார் இல்லை. பிறகு அவனுக்கு இன்னொரு மீன் துண்டு போட்டா.

அக்டோபர் 7, சனி

இன்றோடு பிரசாரம் சரி. கடைசிக் கூட்டத்தில் அத்தான் பேசியது நாலு நிமிடம். எழுதிக் கொடுத்ததை மறந்துவிட்டார். "பிள்ளையளைப் பிடிச்சால் என்னைக் கூப்பிடுங்கோ, வெண்டாலும் தோத்தாலும்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். நான்தான் முதலில் கைதட்டினேன்.

அக்டோபர் 8, ஞாயிறு

சட்டப்படி மௌனம். ஒலிபெருக்கி இல்லை. சிறில்கூட ஓய்வு. காகம் கத்துவது கேட்கிறது. நாங்கள் நாலு பேரும் கடதாசிச் சீட்டு விளையாடினோம். கட்அவுட்டை இறக்கவேண்டும் என்றான் சிவபாலன். அத்தான் நாளைக்கு என்றார்.

அக்டோபர் 10, செவ்வாய்

வாக்களித்தோம். பாடசாலை வாசலில் நீண்ட வரிசை. முத்துலிங்கம் மாஸ்டர் குடும்பத்தோடு எங்களுக்கு முன்னால் நின்றார். எங்களைக் கண்டும் காணாதவர் மாதிரி, மிக மரியாதையாக, வேறு பக்கம் பார்த்தார். சிவபாலன் வெளியே மதிலில் சாய்ந்து நின்று எல்லோரையும் எண்ணிக்கொண்டிருந்தான், தனக்கு வாக்கில்லாத கவலையில்.

அக்டோபர் 12, வியாழன்

தோல்வி. விருப்பு வாக்கில் அத்தான் பட்டியலில் நடுவுக்குக் கொஞ்சம் கீழே. கட்சிக்காரர் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ மேலாம். நாலாம் இலக்கக்காரன் எம்.பி. ஆகிவிட்டான். காவலர்கள் இரண்டு பேரும் துவக்கைத் தூக்கிக்கொண்டு அவனிடம் போய்விட்டார்கள். போகும்போது அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

அத்தான் ரேடியோவை நிறுத்திவிட்டு, சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவினார். "சரி" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 13, வெள்ளி

ராசிக் போன் பண்ணினார். திங்கட்கிழமை வரட்டாம். சவர்க்கார விளம்பரம் ஒன்று இருக்கிறதாம்.

அக்டோபர் 15, ஞாயிறு

காலையில் அக்காவும் நானும் குசினியில். அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. அத்தான் விடியவே வெளிக்கிட்டுப் போய்விட்டார். லொட்ஜ் ஒன்றில் இருந்த ஹட்டன் பெடியனைப் பிடித்துவிட்டார்களாம், தாய் ராக்கம்மா அழுதுகொண்டு வந்து நின்றா.

அக்கா திரும்பிப் பார்க்காமல் சொன்னா: "நான் இவருக்குப் போடேல்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன போடேல்லை? தேத்தண்ணியோ?"

"வாக்கு."

துருவலை நிறுத்தவில்லை.  "பின்னை ஆருக்கக்கா போட்டனீ?"

"உன்ர கந்தோர்க் கட்சிக்கு. இலக்கம் ஒண்டும் போடேல்லை. சின்னத்துக்கு மட்டும்."

"ஏன்?"

"ஜே.பி. வெளிக்கிட்டுப் போனால் மத்தியானத்துக்குள்ள வீட்டை வாறார். எம்.பி. எண்டால்—"

முடிக்கவில்லை. பாதித் தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா, துருவ ஒன்றும் மிச்சமில்லாவிட்டாலும். நான் போய் அடுப்பைக் குறைத்தேன். வேறென்ன செய்ய?

பதினொரு மணிபோல அத்தான் வந்தார். பெடியனை விட்டுவிட்டார்களாம். நல்ல பசி. சிவபாலனும் எழும்பி வந்து மேசையில் இருந்தான். அத்தான் தோசையைச் சம்பலில் தோய்த்தபடி, தோற்ற கணக்கைத் தன்பாட்டில் பார்த்தார்.

"எப்பிடிப் பாத்தாலும் இவ்வளவு ஆயிரம் சனம் என்னை நம்பியிருக்குது, சிவபாலன். அது சின்ன விஷயமே? அதில முதல் மூண்டு வாக்கு இந்த வீட்டு வாக்கு."

நான் தட்டைப் பார்த்தேன்.

"ஓம்" என்றா அக்கா. "இன்னும் ஒரு தோசை போடட்டே?"